தயிர்சாதத் தூக்கும் லாட விரியனும்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் அறையில் தொடங்கியது. எனக்குப் பல்வலி. எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். படத்தில் ஒரு பாம்பு, பனி படிந்த புல்லுக்குள் சுருண்டிருந்தது. பழுப்பு நிறம். பிடரியில் குதிரை லாடம் போல வெளிறிய ஒரு குறி. நீலகிரியின் உயரமான புல்வெளிகளில் வாழும் விரியன், நஞ்சுள்ளது என்று கீழே எழுதியிருந்தது. என் முறை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்க்க அங்கே எதுவும் இல்லை. பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பாம்பு போகவில்லை.

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

நீலகிரியின் உச்சியில், பனி விலகாத புல்வெளியில், ஒரு விரியன் சூரியனுக்காகக்

இங்கே நிறுத்தினேன். நான் அந்தப் புல்வெளியில் நின்றதில்லை. எனக்குத் தெரிந்த மலை ஒன்றுதான். திருவண்ணாமலையில் பிறந்த எவருக்கும் அப்படித்தான். அந்த மலையிலும் புல் உண்டு. மழையில் முளைக்கும், கோடையில் எரியும். ஆனால் லாட விரியன்* அங்கே இல்லை. அதற்கு வேண்டிய குளிர் எங்கள் ஊரில் கிடையாது.

ஆக இரண்டு வழி. நான் நீலகிரிக்குப் போவது, அல்லது பாம்பை இங்கே வரவழைப்பது. எனக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினால் வாந்தி வரும். பாம்பு வரட்டும்.

* தமிழில் இந்தப் பாம்புக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பெயர் இருக்கலாம். எனக்குத் தெரியாது. கதை முடியும்வரை லாட விரியன்.

2

பாம்பு மட்டும் போதாது. அதன் முன்னால் யாராவது நிற்க வேண்டும்.

முதலில் ஒரு சாமியாரை நிறுத்தினேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். எங்கள் ஊர்க் கதைக்குள் சாமியார் நுழைந்துவிட்டால் வெளியே அனுப்புவது கடினம். அடுத்து, செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர். அவர் பாம்பைப் பார்த்ததும் கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் காத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

மூன்றாவதாக எழிலரசி வந்தாள். அவள் கண்ணை மூடவில்லை.

எழிலரசி கீழ்பென்னாத்தூர்க்காரி. வயது இருபத்தாறு. அப்பா சகாதேவன் வேர்க்கடலை பயிரிடுகிறவர். அவள் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, இந்த வாக்கியம் சரியில்லை. நினைக்கவே இல்லை. பொழுது விடிந்தால் விளக்கை அணைப்பதுபோல அது தானாக நடக்கும் என்று விட்டிருந்தார்கள்.

அதுவரை அவளைப் பார்க்க வந்தவர்களில் ஒருவன் சமைக்கத் தெரியுமா என்று கேட்டான். இன்னொருவன் பாடத் தெரியுமா என்று கேட்டான். வேலையை விட்டுவிட்டு வருவாயா என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். கேட்காததால் சொல்லவும் முடியவில்லை. கேட்கிறவனைப் பற்றி யோசிக்கலாம், கேட்காதவன் வேண்டாம் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் நான் சொல்லிவிடுகிறேன். கதை இதில்தான் நிற்கிறது, பாம்பில் அல்ல.

3

1998, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

ஏற்பாடு கண்ணாயிரத்துடையது. அவர் எழிலரசிக்குச் சித்தப்பா முறை, மாப்பிள்ளை வீட்டுக்கு மாமன் முறை. இரண்டு பக்கமும் உறவு என்பதால் இரண்டு பக்கமும் வசவு வாங்குகிறவர். போன தடவை நடந்த பெண் பார்ப்பில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட, சகாதேவன் இவரிடம் ஒரு மாதம் பேசவில்லை. எனவே இந்த முறை புது யோசனை.

"வூட்ல வந்து பாக்கறதே வேணாண்ணா. மலைய சுத்துவோம். ரெண்டு வூடும் சேந்து நடப்போம். புடிச்சிருந்தா மேல பேசலாம். புடிக்கலன்னா புண்ணியமாவது மிச்சம்."

முடிவைத் தெரிவிக்கவும் வழி சொல்லியிருந்தார். பதினான்கு கிலோமீட்டர் சுற்றி முடித்து ராஜகோபுரத்தின் முன் வந்ததும், சம்மதம் என்றால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் காபி குடிக்க வேண்டும். இல்லை என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட வேண்டும். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

செருப்பில்லாத கால்களுடன் ஐந்து பேர் கிளம்பினார்கள். எழிலரசி, சகாதேவன், கண்ணாயிரம், மாப்பிள்ளை மாறன், அவன் அம்மா சந்திரகலா. (எழிலரசியின் அம்மாவுக்கு முழங்கால் வலி. மாறனுக்கு அப்பா இல்லை. இருவரையும் கொண்டுவந்தால் பாதை அடைத்துக்கொள்ளும்.)

மாறன் பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். எழிலரசி அவனைப் பற்றி முதலில் கவனித்தது முகத்தை அல்ல. கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. வலக்கையிலிருந்து இடக்கைக்கும் இடக்கையிலிருந்து வலக்கைக்கும் மாற்றிக்கொண்டே நடந்தான்.

"அதுல இன்னாங்க?"

"தயிர்சாதம். அஞ்சு பேருக்கு."

"வழியெல்லாம் ஓட்டல் இருக்குதே."

"எங்கம்மாகிட்ட சொல்லிப் பாருங்க."

தூக்கின் கழுத்தில் புள்ளி புள்ளியாகச் சந்திரகலா என்று பெயர் வெட்டியிருந்தது. அவளுடைய அம்மா வீட்டுச் சீர். கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில் இன்னும் நசுங்காதது அது ஒன்றுதான்.

4

மாறனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது.

முதல் வரைவில் அவன் பாம்பு பிடிக்கத் தெரிந்தவன். வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கினான். எழிலரசி அவனை வியந்து பார்த்தாள். நான் படித்துப் பார்த்தேன். அடித்தேன். இரண்டாம் வரைவில் அவன் ஓடினான். வேகமாக ஓடினான், கதையைவிட்டே போய்விட்டான். அவனைத் தேடிக் கொண்டுவர ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது இருப்பவன் மூன்றாமவன். இவனும் ஓடியிருப்பான். கையில் தூக்கு இருந்தது.

முன்னால் இவர்கள் இருவர். ஐம்பது அடி பின்னால் பெரியவர்கள் மூவர். பேசுவது கேட்கக் கூடாது, பேசுகிறார்களா என்று தெரிய வேண்டும். அதற்கான தூரம். ஆனால் ரமணாசிரமம் தாண்டும்வரை மாறன் கேட்டது, "காலு வலிக்குதுங்களா?" மட்டும்தான். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"உங்க கடையில எந்த வேலை ஜாஸ்தி?"

"ரேஷன் கார்டு. அப்புறம் ஜாதகம். தை பொறந்தா ஜாதகம் ஜாஸ்தி." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சேர்த்துக்கொண்டான். "உங்க ஜாதகம்கூட நான்தாங்க எடுத்தேன்."

"எப்ப?"

"போன வருசம். கண்ணாயிரம் மாமா எடுத்துனு வந்தாரு. யார் யாருக்கோ குடுக்கணும்னு நாலஞ்சு காப்பி."

"உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்கலியா?"

"அன்னிக்கு மிஷின்ல இங்க் கம்மி. உங்க அஞ்சாம் கட்டமே வுழல."

எழிலரசி சிரித்தாள். பின்னால் கண்ணாயிரம், "சிரிக்குதுங்க" என்று மற்ற இருவருக்கும் அறிவித்தார்.

5

இப்போது பாம்பைக் கொண்டுவர வேண்டும்.

அடி அண்ணாமலை பக்கம் அன்னதானத்துக்குச் சமைக்கிற ஒரு கொட்டகை. பௌர்ணமி நெருங்குகிறது. முந்தின நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு லாரி கோஸும் கேரட்டும் இறக்கிவிட்டுப் போனது. கேரட் வாடாமலிருக்க மூட்டைக்குள் ஈரப் புல் வைத்துக் கட்டியிருந்தார்கள். காய்களைத் தட்டிக்கொண்டு, புல்லையும் சாக்கையும் கொட்டகைக்குப் பின்னால் எறிந்தார்கள். அதில் ஒரு சாக்கு முழுக்கக் காலியாகவில்லை.

லாரிக்கு எண் இல்லை. ஓட்டுநருக்குப் பெயர் இல்லை. நான்தான் ஓட்டிவந்தேன். வாந்தி வரவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் கிரிவலத்தின் உள்பாதை. தார் ரோட்டுக்கும் மலைக்கும் நடுவே போகிற மண்பாதை, ஓர் ஆள் அகலம். அந்த இடத்தில் ஒரு பக்கம் முள்வேலி, இன்னொரு பக்கம் பள்ளம். செருப்பில்லாத காலுக்கு மண் நல்லது என்று ஐவரையும் உள்பாதையில் திருப்பிவிட்டவர் கண்ணாயிரம். பழி அவருக்கே போகட்டும். அவருக்குப் பழக்கம்.

6

"அசையாதீங்க" என்றார் கண்ணாயிரம்.

எழிலரசியும் மாறனும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்கள் மூவரும் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுப்பாதையில், காலை வெயில் விழுந்த இடத்தில், ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அத தாண்டித்தாம்மா போயிருக்கீங்க" என்றார் சகாதேவன்.

மாறன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். பிறகு தூக்கைப் பார்த்தான்.

எழிலரசி அப்பாவை நோக்கி ஒரு அடி வைத்தாள்.

"திரும்பி வராதம்மா" என்றாள் சந்திரகலா. "மலை இடப்பக்கம் வந்துடும்."

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உங்களுக்காக: மலையை எப்போதும் வலப்பக்கம் வைத்தே சுற்ற வேண்டும். பாதியில் திரும்பி நடந்தால் நடந்தது அத்தனையும் போச்சு. ஆகவே முன்னால் போனவர்கள் பின்னால் வர முடியாது. பின்னால் நின்றவர்கள் முன்னால் வரவும் முடியாது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு பாம்பு.

"கல்ல எடுத்துப் போடு கண்ணாயிரம்" என்றார் சகாதேவன்.

"வேணாண்ணா" என்றாள் சந்திரகலா அவரிடம். "மலைய சுத்த வந்துட்டு உசுர எடுக்கறதா? யாருக்குத் தெரியும், சித்தரா இருந்தா?"

"சித்தரா இருந்தா ஒதுங்கிப் போவாரும்மா. இது மறியல் பண்ற மாதிரி குந்தினு இருக்குது" என்றார் கண்ணாயிரம்.

எழிலரசிக்கு அந்தச் சுருள் எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் திரும்பக் கூடாது.

"சித்தப்பா, திரும்பாம பின்னாலயே நடந்து வந்தா?"

கண்ணாயிரம் தன் உடம்பையே மலைக்கு எதிரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னால நடந்தா மலை சோத்துக்கைப் பக்கந்தான் இருக்கும். தப்பில்ல."

எழிலரசி பின்னோக்கி நடந்தாள். தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. மாறன் முன்னால் நிற்பதா, கூடப் போவதா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு அவனும், தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தான்.

(இந்த இடத்தை எழுதிவிட்டு நானும் அறைக்குள் பின்னோக்கி நடந்து பார்த்தேன். நாற்காலியில் இடித்துக்கொண்டேன். அவர்கள் இடித்துக்கொள்ளவில்லை.)

பாதுகாப்பான தூரத்தில் நின்றாள். பழுப்பு நிறம். அகலமான தலை. பிடரியில் வெளிறிய லாடம்.

"இது எங்க ஊர் பாம்புப்பா" என்றாள்.

"எங்க ஊர்னா?"

"கோத்தகிரி. எங்க ஸ்கூல் கிரவுண்டு முடிஞ்சதும் புல்லுதான். அதுல இருக்கும். அசையவே அசையாது. ஒரு எடத்துல குந்தினா நாள் முழுக்க அங்கதான்."

"உன் ஊரு கீழ்பென்னாத்தூரு" என்றார் சகாதேவன்.

எழிலரசி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பாம்பும் அசையவில்லை.

"கடிக்குமா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"கடிக்கும். வெஷம் இருக்குது. எங்க வாட்ச்மேன் புல்லு அறுக்கும்போது கையில கடிச்சிச்சு. தோள் வரைக்கும் வீங்கி ஆஸ்பத்திரில கெடந்தாரு."

"அங்கேந்து எப்டி இங்க வந்துச்சு?" என்றார் கண்ணாயிரம். "அதுவும் கிரிவலம் வந்துச்சா?"

எழிலரசி வேலியோரம் கிடந்த சாக்குகளைக் காட்டினாள். கேரட் தழை காய்ந்து கிடந்தது.

"வெயில் ஏறுனா இது இங்க தாங்காது" என்றாள். "இதுக்குக் குளுரு வேணும். பௌர்ணமிக்கு இந்த வழியா ஜனம் வேற நடக்கும். நான் இன்னிக்கு எப்டியும் ஊருக்குப் போறேன். எடுத்துனு போய் அங்க ஃபாரஸ்ட்ல குடுத்துடறேன்."

"எதுல எடுத்துனு போவ?" என்றார் சகாதேவன்.

எல்லோரும் தூக்கைப் பார்த்தார்கள்.

7

இங்கே வாசகர் ஒரு உவமையை எதிர்பார்ப்பார். மலைப் பாம்பு, மலைக்குப் போன பெண், இறங்கி வந்தால் இருவருக்கும் ஆகாது, இத்யாதி. எனக்கும் கை அரித்தது. அரைப் பக்கம் எழுதினேன்:

அவளும் அந்த விரியனைப் போலவே தன் உயரத்தைவிட்டு

எழிலரசி ஒப்புக்கொள்ள மாட்டாள். என்னைப் போய் பாம்போட சேக்கறீங்களா என்பாள். பாம்பும் தன்னை டீச்சரோடு சேர்த்ததற்கு வருந்தலாம். விட்டுவிட்டேன். பாம்பு பாம்புதான். சிக்கல் என்னவென்றால், தூக்குக்குள் இன்னும் தயிர்சாதம் இருந்தது.

8

"கொட்டிடலாமா?" என்றான் மாறன், மெதுவாக.

ஐம்பது அடி தூரத்தில் கேட்காத பேச்சு என்று ஒன்று சந்திரகலாவுக்கு இருந்ததில்லை. இப்போது இருபது அடிதான். "சோத்த மண்ணுல கொட்டுவியா? அண்ணாமலையார் பாத்துனு இருக்காரு."

"அப்ப சாப்புடறதுதான் வழி" என்றாள் எழிலரசி.

பெரியவர்களுக்கு அனுப்பலாம் என்றால் நடுவில் பாம்பு. கண்ணாயிரம் உருண்டை பிடித்து வீசச் சொன்னார். மாறன் ஒன்று பிடித்து வீசினான். கண்ணாயிரம் ஒரே கையில் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். இரண்டாவதற்குக் கை நீட்டினார். சந்திரகலா பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டார்.

மாறனும் எழிலரசியும் மலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பாட்டில் தண்ணீரில் கை கழுவினார்கள். இலை இல்லை, தட்டு இல்லை. நடுவில் தூக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அதிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டார்கள். மேல் கிண்ணத்தில் நார்த்தங்காய் ஊறுகாய்.

"இன்னும் ஒரு வார்த்த பேசி முடிக்கல" என்றாள் சந்திரகலா. "அதுக்குள்ள ஒரே ஏனத்துல கைய வுடுதுங்க."

"நம்ப வூட்டு சாப்பாடு பழகிக்கட்டும் தங்கச்சி" என்றார் சகாதேவன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார், ஒன்றும் சாப்பிடாமலே.

ஐந்து பேர் சோற்றை இரண்டு பேர் சாப்பிடுவது லேசில்லை. பாதியில் எழிலரசி மூச்சு வாங்கினாள்.

"உங்க ஊர்ல" என்றான் மாறன், சோற்றைப் பார்த்துக்கொண்டே, "ஜெராக்ஸ் எங்க எடுப்பீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல ஒரு கடை. பாதி நாள் கரண்ட் இருக்காது. பசங்க கொஸ்டின் பேப்பருக்கு ஊட்டி வரைக்கும் போவணும். ஏன்?"

"சும்மா."

இன்னொரு வாய் சாப்பிட்டான்.

"கல்யாணம் ஆனா வேலைய வுட்டுட்டு வந்துடுவீங்களா?"

எழிலரசியின் கை தூக்குக்குள் நின்றது. இந்தக் கேள்வி வந்தால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் வீட்டில், பஸ்ஸில், பள்ளியில் வாத்தியார்கள் அறையில் எல்லாம் பேசிப் பார்த்திருந்தாள். பணிவாக ஒன்று, கோபமாக ஒன்று. ஊறுகாய் விரலோடு சொல்வதற்கு ஒன்று இல்லை.

"மாட்டேன்" என்றாள்.

"அதான் ஜெராக்ஸ் கேட்டேன்" என்றான் மாறன்.

9

விரியனைத் தூக்குக்குள் கொண்டுவருவது எப்படி என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். யாராவது முயன்று பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. இவ்வளவு சொல்லலாம்: ஒரு நீண்ட கழி இருந்தது. ஈரச் சாக்கு இருந்தது. சாய்த்து வைத்த தூக்கு இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. பாம்புக்கு வெயில் அலுத்துவிட்டது. கழியைப் பிடித்தவள் எழிலரசி. மூடியைப் போட்டவன் மாறன். மூடி தூக்கின் விளிம்பில் கடகடவென்று அடித்துக்கொண்டது. ஆனாலும் மூடினான். சகாதேவன் தன் துண்டை எறிந்தார், அதைக்கொண்டு இறுக்கிக் கட்டினார்கள். காற்றுக்கு இடம் இருந்தது.

பிறகு எல்லோரும் ஒரே பக்கம் ஆனார்கள். மீதி வழி முழுவதும் ஐம்பது அடி இடைவெளி யாருக்கும் நினைவில்லை. மாறன் தூக்கைக் கை மாற்றவே இல்லை. உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்து நடந்தான். எதிரே வந்த ஒரு பெரியவர் பிரசாதம் என்று நினைத்துக் கையை நீட்டினார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

இங்கேயே கொடுத்துவிடலாமே என்று ஊர் வனத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. (பூட்டை நான் போட்டேன். அது திறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்து, நல்ல குடிமக்கள் ஐந்து பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.)

10

ராஜகோபுரத்தின் முன் வந்து நின்றார்கள். ஒரு பக்கம் சந்திரகலாவின் வீட்டுக்குப் போகிற தெரு. இன்னொரு பக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெரு. கண்ணாயிரம் எழிலரசியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார், எந்தப் பக்கம் திரும்பும் என்று.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று. காபி. எழிலரசி சந்திரகலாவின் வீட்டுக்குப் போகிறாள். தூக்கைத் தெருவாசலில் வைக்கிறார்கள். காபி ஆறிக்கொண்டிருக்கிறது, எல்லாருக்கும் கண் வாசலில். எழுதும்போது நன்றாக இருந்தது. ஆனால் பாம்புக்கு நேரமாகிறது என்று எழிலரசி பாதிக் காபியில் எழுந்துவிட்டாள். பாதிக் காபிக்கு என்ன அர்த்தம் என்று கண்ணாயிரம் சொல்லி வைத்திருக்கவில்லை.

இரண்டு. கீழ்பென்னாத்தூர் பஸ். அவள்

இதை முடிக்கவில்லை. மாறன் தூக்கோடு நின்ற முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றுதான் நடந்தது. எழிலரசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள். கண்ணாயிரம் தலையில் கை வைத்தார். ஆனால் அவள் நின்றது சேலம் பஸ்ஸுக்கு முன்னால். சேலம் போய், மேட்டுப்பாளையம் போய், மலையேற வேண்டும். காலையில் வகுப்பு.

அவள் தூக்குக்குக் கை நீட்டினாள். மாறன் தரவில்லை.

"தனியா இதப் புடிச்சினு அவ்ளோ தூரம் எப்டிங்க போவீங்க?" என்றான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "போய் வுட்டுட்டு தூக்க வாங்கினு வந்துடறம்மா. உன் அம்மா வூட்டு சீராச்சே."

"கடை?" என்றாள் சந்திரகலா.

"நாளைக்கு ஒரு நாள் பூட்டிக் கெடக்கட்டும்."

"ஒரு நாளா?"

மாறன் துண்டின் முடிச்சை இன்னும் இறுக்கினான். சந்திரகலா மகனைப் பார்த்தாள். அவன் ஜெராக்ஸ் பற்றிக் கேட்டதை அவள் இருபது அடி தூரத்தில் முழுதாகக் கேட்டிருந்தாள். வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தாள். ஒரே பையன்.

"நீயும் கூடப் போ கண்ணாயிரம்" என்றார் சகாதேவன். அவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இது சம்மதமில்லை, மறுப்பும் இல்லை. பாம்பும் கண்ணாயிரமும் கூடப் போனால் ஊர் ஒன்றும் பேசாது.

"எனக்குப் பழி வேற, பாம்பு வேறயா?" என்றார் கண்ணாயிரம். ஏறிவிட்டார்.

எழிலரசி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சந்திரகலா வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"திருப்பிக் குடுத்துடறோங்க" என்றாள் எழிலரசி.

"எங்க வூட்ல பாத்திரத்த வெறுசா திருப்பி வாங்க மாட்டோம்மா" என்றாள் சந்திரகலா. "எதனா போட்டுத்தான் குடுக்கணும்."

அது அதட்டலா, அழைப்பா என்று எழிலரசிக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். சந்திரகலாவின் முகத்தை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

11

விரியன் புல்லுக்குத் திரும்பியது. அதில் சந்தேகம் வேண்டாம். வனக் காப்பாளர் ஒருவர் முன்னிலையில், விடியற்காலைப் பனியில், தூக்கைச் சாய்த்து வைத்தார்கள். பாம்பு வெளியே வர நெடுநேரம் எடுத்துக்கொண்டது. வந்ததும் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் போய்ச் சுருண்டு, அதற்கு மேல் அசையவில்லை. என்னுடைய முதல் வாக்கியம் அங்கே கிடக்கிறது. விருப்பமானவர்கள் முடித்துக்கொள்ளலாம்.

மீதி தூக்கு.

அது மாசியில் ஒரு மத்தியானம் சந்திரகலாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் தூக்கு. கழுத்தில் அவள் பெயர். மூடியைச் சுற்றிச் சகாதேவனின் துண்டு, துவைத்து மடித்துக் கட்டியிருந்தது. தெருமுனையில் பேச்சுக் குரல் கேட்டது. வைத்தவர்கள் செருப்புத் தைக்கிறவரிடம் நின்றுவிட்டார்கள் போல. ஒருவரா, இருவரா, கூடக் கண்ணாயிரமும் பெரியவர்களுமா, அங்கிருந்து தெரியவில்லை.

சந்திரகலா தூக்கினாள். கனமாக இருந்தது.

உள்ளே என்ன போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வெற்றிலை பாக்கும் பூவும் இருந்தால் ஒன்று. வெறும் கேரட் என்றால் இன்னொன்று. கோத்தகிரியில் ஒரு கடைச் சாவி இருந்தால் அது வேறு. மகன் மலையேறிவிட்டான், அவளும் ஒரு கம்பளி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவள் முகம் கடுமையாக இல்லை. நான் எழுதியது அல்ல, பார்த்தது.

துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். மூடியில் கை வைத்தாள். கையை எடுத்துவிட்டாள். இந்தத் தூக்குக்குள் கடைசியாக என்ன இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

சுற்றிலும் பார்த்தாள். வீட்டில் யாரும் இல்லை. நான் இருந்தேன். நான் மேசைக்கு இந்தப் பக்கம். அதோடு எனக்குப் பாம்பு என்றால் பயம்.

அப்போதுதான் அவள் உங்களைப் பார்த்தாள்.

"நீங்களே தொறங்களேன்" என்றாள் சந்திரகலா. "முதல்லேந்து பாத்துனுதான இருக்கீங்க."

கொஞ்சம் தள்ளி நின்று திறங்கள்.